கைல் ஹைன்ஸ் என்பிஏ-ல ஒரு மேட்ச் கூட ஆடல, அப்புறம் எப்படி லெஜண்ட்?

நீங்க எழுதினதைச் சுருக்கினா இது தான். கைல் ஹைன்ஸ்னு ஒரு அமெரிக்க பேஸ்கட்பால் ப்ளேயர், யூரோப்ல நாலு தடவை சாம்பியன், அங்க அவரைத் தலைல தூக்கி வச்சு கொண்டாடுறாங்க, ஆனா அமெரிக்காவோட டாப் லீக்கான என்பிஏ-ல ஒரு மேட்ச் கூட ஆடினதில்ல. அப்போ அவர் நிஜமாவே பெரிய ப்ளேயரா, இல்ல என்பிஏ-ல எடுபடாதவங்க போய்ச் சேர்ற இடம் தான் யூரோப்பா? அங்க சம்பளம் ஒழுங்கா வருமா? என்பிஏ ஸ்டாரா இருந்த ஸ்டெஃபன் மார்பரி சைனா போனதும் இதே கதை தானா? இப்படி மூணு நாலு கேள்வி கேட்டிருக்கீங்க, ஆனா எல்லாத்துக்கும் அடியில ஒரே கேள்வி தான் இருக்கு: வெளிநாட்டு கரியர்ங்கறது என்பிஏ-க்குக் கீழ இருக்கிற படியா, இல்ல அது தனியா வேற ஒண்ணா?

என் பதில், அது வேற ஆட்டம், வேற வேலைச் சந்தை. ஹைன்ஸ் விஷயத்துல இது ரொம்ப தெளிவா தெரியும். என்பிஏ வேண்டாம்னு சொன்ன அதே உடம்பை வச்சுத் தான் யூரோப்ல அவர் ஜெயிச்சார்.

நான் பல வருஷமா பேஸ்கட்பால் கோச். பிக் அண்ட் ரோல்னா, பந்து வச்சிருக்கிறவனுக்காக கூட ஆடுறவன் டிஃபெண்டர் வழியை மறிச்சு ஸ்க்ரீன் வச்சுட்டு, ரிங்கை நோக்கி ஓடுறது. அதைத் தடுக்கிற டிஃபென்ஸ் சொல்லித் தரும்போது பசங்களுக்கு நான் போட்டுக் காட்டுற வீடியோ பெரும்பாலும் ஹைன்ஸோடது தான், என்பிஏ ஸ்டார் யாரோடதும் இல்ல. அதனால களத்துல அவர் பண்ணது பத்தி உறுதியா பேசுவேன். கான்ட்ராக்ட், வரி, ஏஜென்ட் இதெல்லாம் என் தொழில் இல்ல, ஊரறிஞ்ச நடைமுறை வரைக்கும் தான் சொல்வேன். அதுலயும் யூரோப் கிளப்கள் பெரும்பாலும் சம்பளத்தை அதிகாரபூர்வமா வெளிய சொல்றதில்ல, பேப்பர்ல வர்ற நம்பர் எல்லாம் யாரோ கசிய விட்டது, அந்த அளவுக்குத் தான் நம்பணும்.

ஹைன்ஸ் 1986-ல பிறந்தவர், நியூ ஜெர்சியில சிக்லர்வில்ங்கற ஊர்ப் பையன். பெரிய காலேஜ் எதுவும் இல்ல, நார்த் கரோலினா யுனிவர்சிட்டியோட கிரீன்ஸ்பரோ கிளைல ஆடினார். நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்தக் காலேஜ் இருந்தது சதர்ன் கான்ஃபரன்ஸ்ங்கற காலேஜ் டீம்கள் குழுல, அதே கான்ஃபரன்ஸ்ல டேவிட்சன் காலேஜுக்காக ஆடிட்டிருந்த ஒரு ஒல்லிப் பையன் பேர் ஸ்டெஃபன் கரி, பின்னாடி என்பிஏ-வோட பெரிய ஸ்டார். 2007-ல அந்த கான்ஃபரன்ஸோட சிறந்த ப்ளேயர் விருது போனது ஹைன்ஸுக்கு. கரிக்கு அடுத்த வருஷம் தான் கிடைச்சது. நாலு வருஷத்துல 2,000 பாயிண்டுக்கு மேல, 1,000 ரீபவுண்டுக்கு மேல, 300 ப்ளாக்குக்கு மேல, காலேஜ் பேஸ்கட்பால்ல இந்த மூணும் சேர்ந்து வச்சிருக்கிறவங்க விரல் விட்டு எண்ற அளவுக்குத் தான் இருப்பாங்க. ஆனா என்பிஏ டீம்கள் புது ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கிற 2008 ட்ராஃப்ட்ல 60 பேர் பேர் வாசிச்சாங்க, இவர் பேர் அதுல இல்ல.

காரணம் உயரம். ஹைன்ஸ் 1.98 மீட்டர், அதாவது ஆறடி ஆறு அங்குலம். நமக்கு அது பனைமர உயரம், ஆனா அவர் ஆடுறது ரிங் பக்கம் நிக்கிற சென்டர் பொசிஷன், அதுவும் அந்தச் சமயம் என்பிஏ-ல சென்டர்னா டுவைட் ஹவர்ட் மாதிரி இன்னும் உயரமான ஆளுங்க. ஆறடி ஆறு அங்குலத்துல இருக்கிறவன் அங்க வெளியில நின்னு த்ரீ, அதாவது தூரத்துல இருந்து மூணு பாயிண்ட் ஷாட் போடணும், இவருக்கு அந்த ஷாட் கிடையாது. ஸ்கவுட்டுங்க பாஷைல இவங்களுக்கு 'ட்வீனர்'னு பேர், ரெண்டு பொசிஷனுக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்க. அந்தக் கணக்குல பார்த்தா ஸ்கவுட்டுங்க சொன்னது தப்பும் இல்ல, அன்னைக்கு இருந்த என்பிஏ-க்கு அவர் பொருந்தாத ஆள் தான்.

2008 கோடையை மட்டும் கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா அந்த ஒரே கோடையில மூணு அமெரிக்கர்கள் மூணு விதமா அட்லாண்டிக்கைத் தாண்டினாங்க. ஜாஷ் சில்ட்ரெஸ், அட்லாண்டா ஹாக்ஸ்ல நல்லா ஆடிட்டிருந்தவர், என்பிஏ-ல இடம் இருந்தும் கிரீஸோட ஒலிம்பியாகோஸ் கிளப்புக்குப் போனார், மூணு வருஷத்துக்கு வரி போக 20 மில்லியன் டாலர்னு அப்போ எல்லா பேப்பர்லயும் செய்தி. பிராண்டன் ஜென்னிங்ஸ், ஸ்கூல் முடிச்ச பையன், 19 வயசு ஆகாம என்பிஏ-க்கு வரக் கூடாதுங்கற ரூல் இருந்ததால காலேஜ்ல ஒரு வருஷம் ஓட்டுறதுக்குப் பதிலா ரோம் நகரத்து லோட்டோமாட்டிகா கிளப்ல சம்பளத்துக்குச் சேர்ந்தார், அங்க பெரும்பாலும் பெஞ்ச் தான், ஆனா அடுத்த வருஷம் பத்தாவது பிக், என்பிஏ-ல முதல் வருஷத்துலயே ஒரு மேட்ச்ல 55 பாயிண்ட். மூணாவது ஆள் நம்ம ஹைன்ஸ். அவர் போனது ரோமுக்குத் தென்கிழக்கே மலைமேல இருக்கிற வெரோலிங்கற சின்ன ஊர், ஜனத்தொகை 20,000 பக்கம், டீம் ஆடினது இத்தாலியோட ரெண்டாவது டிவிஷன். முதல் ரெண்டு பேரைப் பத்தி அமெரிக்க டிவில விவாதம் எல்லாம் நடந்தது, ஹைன்ஸ் போனதைப் பத்தி யாரும் மூச்சு விடல.

ஏன் ரெண்டாவது டிவிஷன் வரைக்கும் போகணும், ஊர்லயே என்பிஏ-வுக்கு அடுத்த படியான டி-லீக் இருந்ததேனு கேட்கலாம். இப்போ ஜி லீக்னு சொல்றோமே அது தான். அன்னைக்கு அங்க ஒரு சீசன் முழுக்க ஆடினாலும் 25,000 டாலர் பக்கம் தான் உச்சம், அதுல வாடகையும் இருக்கு வரியும் இருக்கு. 2018-ல கூட அதை 35,000 ஆக்கினதைப் பெரிய உயர்வுனு அறிவிச்சாங்க. வெளிநாட்டுல சுமாரான கிளப் கூட வீடு, பெரும்பாலும் காரு, போக வர டிக்கெட் எல்லாம் கொடுத்து சம்பளமும் கையில தரும். அதனால காலேஜ் முடிச்ச ஆயிரக்கணக்கான பசங்கள்ல என்பிஏ-ல இடம் கிடைக்காதவன் வெளிநாடு போறது தோல்வி இல்ல, அவன் படிச்ச வேலைக்கு சம்பளம் தர்ற இடம் அது தான். கோபி பிரையன்ட் இத்தாலியன் சரளமா பேசுவாரே, அது எப்படி வந்துச்சுனு நினைச்சீங்க? அவங்க அப்பா ஜோ பிரையன்ட் என்பிஏ முடிச்சு 1984-ல இருந்து 1991 வரைக்கும் இத்தாலில கிளப் கிளப்பா ஆடினார், பையன் வளர்ந்ததே அங்க தான்.

இப்போ ஆட்டத்துக்கு வருவோம், என்னைப் பொறுத்தவரைக்கும் இது தான் முக்கியமான பகுதி. என்பிஏ மேட்ச் 48 நிமிஷம், யூரோப்ல 40. என்பிஏ-ல ஆறு ஃபவுல்ல வெளிய, அங்க அஞ்சு. த்ரீ பாயிண்ட் லைன் என்பிஏ-ல 7.24 மீட்டர், உலக பேஸ்கட்பால் அமைப்பான ஃபிபா ரூல்ல 6.75. இதெல்லாம் பார்த்த உடனே தெரியுறது. பெரிய வித்தியாசம், பார்க்குறவங்க கவனிக்காதது, டிஃபென்ஸ்ல இருக்கிற மூணு செகண்ட் ரூல். என்பிஏ-ல டிஃபெண்டர் யாரையும் பக்கத்துல கார்டு பண்ணாம ரிங்குக்கு முன்னாடி இருக்கிற பெயின்ட்ங்கற கட்டத்துக்குள்ள மூணு செகண்டுக்கு மேல நிக்கக் கூடாது, யூரோப்ல எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம். இதனால என்ன ஆகுதுன்னா பாஸ்கெட் பக்கம் எப்பவும் கூட்டம், ஒருத்தன் தனியா நாலு பேரைத் தாண்டி ஓடிப் போய் டங்க் அடிக்கிறது கஷ்டம், அதனால எல்லா டீமும் பிக் அண்ட் ரோல் மேல தான் வண்டி ஓட்டுது, ஒரு பொசஷன்ல ரெண்டு மூணு தடவை ஸ்க்ரீன் வச்சு, டிஃபென்ஸ் எங்க ஒரு நொடி லேட்டாகுதுனு காத்திருந்து அடிப்பாங்க.

அந்த பிக் அண்ட் ரோலை எப்படி நிறுத்துறதுங்கறது தான் யூரோப் கோச்சுங்களோட தூக்கத்தைக் கெடுக்குற விஷயம். சாதாரணமா ஏழடி சென்டர் இருந்தா அவரைப் பின்னாடி நிக்க வைப்பாங்க, அப்போ வெளியில பந்தோட வர்ற சின்ன ப்ளேயருக்கு, அதாவது கார்டுக்கு, தடுக்க ஆளில்லாத ஷாட். முன்னாடி ஏத்தி வச்சா அவர் திரும்பி ஓடி வர்றதுக்குள்ள உள்ள பாஸ் போயிடும். ஹைன்ஸ் ரெண்டும் பண்ண வேண்டாம், நேரா ஸ்விட்ச். அதாவது சின்ன கார்டை அவரே எடுத்துக்குவார், சைடு ஸ்டெப்ல அவன் கூடவே போவார், அவன் ஷாட் போடுற வரைக்கும் கையைக் கீழ இறக்க மாட்டார். சரி, திரும்ப உள்ள வந்து ஏழடிக்காரனை ரிங் பக்கத்துல பிடிக்கணும்னா? அங்க அவரோட கால் பலம், தோள் அகலம், நீளமான கை. பந்து வர்றதுக்கு முன்னாடியே இடத்தைப் பிடிச்சு, இடுப்பைத் தாழ்த்தி நின்னுடுவார், பெரியவன் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு பந்தை வெளிய திருப்பிக் கொடுத்துடுவான். மேட்ச் புள்ளிவிவரமான பாக்ஸ் ஸ்கோர்ல இது எதுவும் வராது. யூரோப்போட டாப் கிளப் போட்டியான யூரோலீக்ல அவர் கரியர் சராசரி பார்த்தீங்கன்னா ஆட்டத்துக்குப் பத்து பாயிண்டுக்குக் கீழ தான், அந்த நம்பரை மட்டும் பார்த்துட்டு யாராவது இவர் லெஜண்டானு கேட்டா நியாயமான சந்தேகம் தான்.

வெரோலில ரெண்டு சீசன், அப்புறம் 2010-ல ஜெர்மனியோட பாம்பெர்க். முக்கால் லட்சம் பேர் இருக்கிற ஊர், பேஸ்கட்பால் பைத்தியம், தங்களைத் தாங்களே 'ஃப்ரீக் சிட்டி'னு சொல்லிக்குவாங்க. அந்தச் சீசன் லீக், கப் ரெண்டும் ஜெயிச்சாங்க, ஃபைனல்ல ஆல்பா பெர்லினை 3-2-னு முடிச்சாங்க, ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது சிறந்த ப்ளேயர், ஹைன்ஸ். முக்கியமா அந்த வருஷம் பாம்பெர்க் யூரோலீக்ல ஆடிச்சு, பெரிய கிளப்கள் எல்லாம் இவரை நேர்ல பார்த்தது அப்போ தான். ரெண்டாம் டிவிஷன்ல இருந்து மேல வர்ற வழி எப்பவும் இது தான், சின்ன கிளப்ல இருந்து பெரியவன் கண்ணுல படணும், பட்ட அன்னைக்கு நல்லா ஆடணும்.

2011-ல ஒலிம்பியாகோஸ் கூப்பிட்டாங்க. நேரம் முக்கியம், கிரீஸ் கடன் நெருக்கடில மூழ்கிட்டு இருந்த வருஷம். சில்ட்ரெஸுக்கு மில்லியன் மில்லியனா கொடுத்த அதே கிளப் பட்ஜெட்டை வெட்டி, பெரிய பேரெல்லாம் அனுப்பிட்டு, ஸ்டார் கார்டு வாசிலிஸ் ஸ்பனூலிஸைச் சுத்தி இளவயசுப் பசங்களை வச்சு டீம் கட்டினாங்க, கோச் துஷான் இவ்கோவிச். அந்த டீம் ஜெயிக்கும்னு யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டாங்க. 2012 மே மாசம் இஸ்தான்புல்ல ஃபைனல், எதிரி சிஎஸ்கேஏ மாஸ்கோ, அவங்ககிட்ட கிரிலென்கோ, தியோடோசிச், கிரிஸ்டிச்னு என்பிஏ தரத்து ஆளுங்க. மூணாவது குவார்ட்டர்ல 53-34, பத்தொன்பது பாயிண்ட் பின்னாடி. அங்கிருந்து ஒலிம்பியாகோஸ் டிஃபென்ஸை இறுக்கிப் பிடிச்சு பந்து பந்தா நெருங்கி வந்தாங்க, கடைசி பத்து செகண்டுக்குள்ள சிஎஸ்கேஏ-வோட சிஷ்கௌஸ்காஸ் ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் தவற விட்டார், ஸ்பனூலிஸ் ஓடிப் போய் பாஸ் கொடுக்க பிரின்டெசிஸ் ஒரு கையால மிதக்க விட்ட பந்து உள்ள விழுந்தப்போ பாக்கி 0.7 செகண்ட், 62-61. அடுத்த வருஷம் லண்டன்ல ரியல் மாட்ரிட் கூட முதல் குவார்ட்டர்ல 27-10-னு பின்தங்கி, கடைசில 100-88. தொடர்ந்து ரெண்டு யூரோலீக்.

அப்புறம் 2012-ல இவங்ககிட்ட தோத்த டீமே வந்து ஹைன்ஸைக் கூட்டிட்டுப் போச்சு. 2013-ல இருந்து ஏழு வருஷம் சிஎஸ்கேஏ, அங்க 2016-ல பெர்லின்ல ஒண்ணு, 2019-ல விட்டோரியால ஒண்ணு, மொத்தம் நாலு யூரோலீக். 2020-ல மிலான், கோச் எட்டோரே மெஸ்ஸினா கிட்ட, 2022, 23, 24 மூணு வருஷமும் இத்தாலி சாம்பியன், அதோட 2024-ல ரிடையர். யூரோலீக் சிறந்த டிஃபெண்டர் விருது 2016, 2018, 2022. மூணாவது தடவை வாங்கும்போது வயசு 35. 2010-20 தசாப்தத்தோட சிறந்த டீம்ல பேர், யூரோலீக்ல 400 மேட்சுக்கு மேல. இதுக்கு மேல விருதுப் பட்டியல் வாசிச்சா போர் அடிக்கும்.

மிலான் பத்தி ஒரு சின்ன விஷயம் மட்டும். அந்த கிளப்புக்கும் அமெரிக்கர்களுக்கும் பழைய பந்தம். 1966-ல அவங்க முதல் யூரோப் கோப்பை ஜெயிச்சப்போ டீம்ல இருந்தவர் பில் பிராட்லி, ஆக்ஸ்ஃபோர்டுல ரோட்ஸ் ஸ்காலரா படிச்சுட்டே மேட்சுக்கு மட்டும் ஃப்ளைட்ல வந்து ஆடிட்டுப் போவார், பின்னாடி என்பிஏ-ல நியூயார்க் நிக்ஸ் டீம்ல ரெண்டு சாம்பியன்ஷிப், அதுக்கும் அப்புறம் நியூ ஜெர்சி செனட்டர். 1987, 88-ல பாப் மெக்கடூவும் மைக் டான்டோனியும் அங்க கோப்பை ஜெயிச்சாங்க. மெக்கடூ என்பிஏ எம்விபி வாங்கினவர். இவங்களை எல்லாம் 'எடுபடாதவங்க'னு எந்தக் கணக்குல சேர்க்கிறது?

சரி, ஹைன்ஸ் என்பிஏ-ல ஆடியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இங்க தான் நிச்சயம்னு சொல்ல முடியாத பகுதி வருது, இது பத்தி அடிச்சுப் பேசுறவங்களை நம்பாதீங்க. ஆனா ஊகிக்க ஒரு நல்ல ஆதாரம் இருக்கு, பி.ஜே. டக்கர். அவர் ஆறடி அஞ்சு அங்குலம், ஹைன்ஸை விடக் குட்டை, என்பிஏ-ல டொரான்டோ எடுத்து ஒரு சீசன் கூட முடியாம விட்டுட்டாங்க, இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலினு சுத்திட்டு கடைசில வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா, பாம்பெர்க். ஹைன்ஸ் கிளம்பின அடுத்த சீசன், அவரும் அங்க ஃபைனல்ஸ் எம்விபி. 2012-ல ஃபீனிக்ஸ் கூப்பிட்டாங்க, அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல என்பிஏ, 2020-ல ஹூஸ்டன் அவரையே சென்டரா ஆட விட்டாங்க, 2021-ல மில்வாக்கி கூட சாம்பியன். அதுக்கு முன்னாடியே 2015-ல கோல்டன் ஸ்டேட் ஆறடி ஆறு அங்குல டிரேமண்ட் கிரீனை சென்டரா வச்சு ஜெயிச்சதும் ஞாபகம் இருக்கும். அதாவது 2008-ல ஹைன்ஸை வேண்டாம்னு சொன்ன லீக், ஏழு வருஷத்துல அவர் மாதிரி ஆளைத் தேடி அலைய ஆரம்பிச்சது. ஆனா டக்கருக்கு கார்னர்ல நின்னு த்ரீ போடத் தெரியும், கிரீன் பந்தை எடுத்துட்டு டீமையே நடத்துவார், ஹைன்ஸ் கிட்ட இந்த ரெண்டும் அந்த அளவுக்கு இல்ல. அதனால பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆடுற ரோல் ப்ளேயரா இருந்திருப்பார்ங்கறது என் கணிப்பு, கணிப்பு மட்டும் தான். அந்த நேரத்துல அவர் மாஸ்கோல கோப்பைக்கு ஆடிட்டிருந்தார், என்பிஏ மினிமத்துக்காக அதை விட்டுட்டு வந்து பெஞ்ச்ல உட்காரணுமாங்கறது வேற கேள்வி.

காசு விஷயம். யூரோப் கான்ட்ராக்ட்ல எழுதுற தொகை வழக்கமா வரி போக கையில வர்றது, வரியை கிளப் கட்டும். என்பிஏ-ல எழுதுறது வரிக்கு முந்தின தொகை, இந்த ரெண்டையும் நேரா ஒப்பிட்டு மீம் போடுறவங்க நிறைய. வீடு, கார், ஏஜென்ட் கமிஷன் வழக்கமா பத்து பர்சென்ட் அதுவும் கிளப் கணக்கு, என்பிஏ-ல ஏஜென்ட்டுக்கு அதிகபட்சம் நாலு பர்சென்ட், அது ப்ளேயர் பாக்கெட்ல இருந்து. அமெரிக்கக் குடிமகன் உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் அமெரிக்காவுக்கும் கணக்கு காட்டணும், வெளிநாட்டுல கட்டின வரியைக் கழிச்சுக்கலாம், அந்தச் சிக்கலை ஆடிட்டரைக் கேட்டுக்கோங்க. யூரோலீக் உச்சத்துல இருக்கிறவங்க மில்லியன் கணக்குல வாங்குறாங்க, அது உண்மை. ஆனா என்பிஏ-ல 2023-24 சீசன்ல புதுசா வந்தவனோட மினிமமே சுமார் 11 லட்சம் டாலர், அதனால பணத்துல என்பிஏ தான் ராஜா, அதுல வாதம் இல்ல. கீழ போகப் போக நிலைமை வேற, ரெண்டாம் டிவிஷன்ல மாசத்துக்குச் சில ஆயிரம் டாலர் தான்.

ஒழுங்கா வருமானு கேட்டீங்களே, எல்லா இடத்துலயும் வராது. யூரோப் கிளப்கள்ல பல ஒரு முதலாளியோட பாக்கெட்டையோ ஒரு ஸ்பான்சரையோ நம்பி ஓடுது, அவர் கை விட்டா டீம் காலி. அதுக்காகத் தான் ஃபிபா 2007-ல ஒரு நடுவர் மன்றம் ஆரம்பிச்சாங்க, இப்போ பேட்னு சுருக்கமா சொல்லுவாங்க, ஜெனீவால இருக்கு, ஒரே ஒரு நடுவர், இங்கிலீஷ்ல விசாரணை. தீர்ப்பை மதிக்காத கிளப் புது ஆளை எடுக்க ஃபிபா தடை போடும், அந்தப் பயத்துல பல பேருக்கு பாக்கி வந்திருக்கு. விவரம் தெரிஞ்ச ஏஜென்ட் சம்பளம் இத்தனை நாள் தாமதமானா ப்ளேயர் ஆடாம கிளம்பலாம்னு கான்ட்ராக்ட்லயே எழுதிடுவார். அப்புறம் கான்ட்ராக்ட் பெரும்பாலும் ஒரு வருஷம், ரெண்டு மாசம் சரியா ஆடலன்னா வேற அமெரிக்கனைக் கூட்டிட்டு வந்துடுவாங்க. ஊர்க்காரப் பையன் பத்து பாயிண்ட் போட்டா கைதட்டுவாங்க, அமெரிக்கன் பத்து போட்டா எதுக்கு இவனுக்கு இவ்வளவு சம்பளம்னு கேட்பாங்க. ஹைன்ஸ் மாதிரி ஒரே கிளப்ல ஏழு வருஷம் இருக்கிறது அதனால தான் ரொம்ப அபூர்வம், நிறைய பேருக்கு ஏழு வருஷத்துல ஆறு நாடு ஆகிடும்.

பாஸ்போர்ட் இன்னொரு தலைவலி. யூரோலீக்ல எந்த நாட்டுக்காரன் எத்தனை பேர்னு கட்டுப்பாடு இல்ல, ஆனா உள்நாட்டு லீக்ல உண்டு, ஸ்பெயின் மாதிரி இடத்துல யூரோப்புக்கு வெளிய இருந்து ரெண்டு பேர் தான். அதனால வேற பாஸ்போர்ட் கிடைச்ச அமெரிக்கனோட மதிப்பு சட்டுனு ஏறிடும். இதுல வேடிக்கையான கதைகள் நடந்திருக்கு. பிட்ஸ்பர்க்ல இருந்து போன ஜே.ஆர். ஹோல்டன் ரஷ்யக் குடியுரிமை வாங்கி, யூரோப் நாடுகள் மோதுற 2007 யூரோபாஸ்கெட் ஃபைனல்ல, மாட்ரிட்லயே, ஸ்பெயினுக்கு எதிரா கடைசி ஷாட் போட்டு ரஷ்யாவை 60-59-ல சாம்பியன் ஆக்கினார். நியூ ஆர்லியன்ஸ்காரர் போ மெக்கேலப் 2011 யூரோபாஸ்கெட்ல மாசிடோனியா டீமைத் தனியாளா நாலாவது இடம் வரைக்கும் இழுத்துட்டுப் போனார். நடுவுல லித்துவேனியாவை அவங்க சொந்த மண்ணு கௌனாஸ்லயே தோற்கடிச்சு.

மார்பரி கதை இதுல இருந்து தலைகீழ். அவர் ப்ரூக்ளின் கோனி ஐலண்ட் பையன், 1996-ல நாலாவது பிக், ரெண்டு தடவை ஆல் ஸ்டார், என்பிஏ-ல ஆட்டத்துக்கு 19 பாயிண்டுக்கு மேல சராசரி. நிக்ஸ்ல கோச்சுங்களோட சண்டை மேல சண்டை, 2009-ல எல்லாரும் கை கழுவினப்போ வயசு 32. 2010 ஜனவரில சைனாவோட ஷான்ஷி டீமுக்குப் போனார், தையுவான் நகரம், நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அப்புறம் ஃபோஷான், அப்புறம் 2011-ல பெய்ஜிங் டக்ஸ். 2012, 2014, 2015 மூணு சாம்பியன்ஷிப், முதல் கோப்பைக்கு அப்புறம் ஸ்டேடியம் வெளிய சிலையே வச்சாங்க, பின்னாடி அங்க நிரந்தரமா வசிக்கிற உரிமையும் கொடுத்தாங்க, 2018-ல ரிடையர் ஆகி பெய்ஜிங்லயே கோச் ஆனார். இதை வச்சு சைனா லீக் யூரோலீக் தரம்னு நினைச்சுடாதீங்க, ரொம்ப தூரம். அங்க வெளிநாட்டு ஆளுக்கு இத்தனை குவார்ட்டர் தான்னு கட்டுப்பாடு, அதனால அந்த நேரத்துக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு பாயிண்ட் போட்டே ஆகணும், நாற்பது ஐம்பதுனு வர்ற ஸ்கோர் எல்லாம் அப்படி வர்றது தான். மார்பரியோட பெருமை ஸ்கோர்ல இல்ல, மத்த அமெரிக்கர்கள் சீசன் முடிஞ்ச மறுநாள் ஃப்ளைட் ஏறுறப்போ இவர் ஊர்ல சப்வேல போய் வந்து அங்கேயே குடியிருந்தார், பெய்ஜிங்காரங்க அவரைத் தங்களோட ஊர்க்காரனா எடுத்துக்கிட்டாங்க. ஹைன்ஸுக்கு என்பிஏ கதவே திறக்கல, மார்பரி அந்தக் கதவு வழியா வெளிய வந்தவர், ரெண்டையும் ஒரே தராசுல வைக்க வேண்டாம்.

நீங்க கேட்காதது ஒண்ணு, ஆனா சொல்லாம விட்டா படம் முழுசாகாது. பெண்கள் பேஸ்கட்பால்ல நிலைமையே தலைகீழா இருந்தது, ரொம்ப வருஷமா வெளிநாடு தான் மெயின் வேலை, அமெரிக்காவோட பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ தான் சைடு. 2015-ல அமெரிக்க ஸ்டார் டயானா டாராசிக்கு ரஷ்யாவோட எகாடெரின்பர்க் கிளப், நீ அமெரிக்காவுல இந்தக் கோடை ஆடாம ஓய்வு எடுனு காசு கொடுத்தது, அவங்களும் அந்த டபிள்யூஎன்பிஏ சீசனை விட்டுட்டாங்க. பிரிட்னி கிரைனர் 2022-ல மாஸ்கோ ஏர்போர்ட்ல பிடிபட்டதும் அதே கிளப்புக்கு ஆடப் போனப்போ தான், டிசம்பர்ல தான் வெளிய வந்தாங்க. உக்ரைன் போர் ஆரம்பிச்ச உடனே யூரோலீக் ரஷ்ய கிளப்களை நிறுத்தி வச்சது, சிஎஸ்கேஏ-ல இருந்த அமெரிக்கர்கள் கிளம்பினாங்க. ஹைன்ஸ் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே மிலான் வந்துட்டார்.

கடைசியா எந்த மேட்ச் பார்க்கலாம்னு கேட்டிருந்தீங்க. 2012 இஸ்தான்புல் ஃபைனலோட ரெண்டாவது பாதி, ஹைலைட்ஸ் வேண்டாம், முழுசா பாருங்க, ஒலிம்பியாகோஸ் டிஃபென்ஸ் ஆடுறப்போ பந்தை விட்டுட்டு ரிங் பக்கம் நிக்கிற ஆளுங்களை மட்டும் பாருங்க. அப்புறம் 2016 பெர்லின் ஃபைனல், சிஎஸ்கேஏ இருபது பாயிண்ட் பக்கம் லீட் எடுத்து, துருக்கி கிளப் ஃபெனர்பாஹ்சே துரத்திப் பிடிச்சு முந்தி, கடைசி ரெண்டு செகண்டுல சிஎஸ்கேஏ-வோட க்ரியாபா ரீபவுண்டைத் திரும்பப் போட்டு 83-83, ஓவர்டைம்ல 101-96. அதுல ஹைன்ஸ் எத்தனை தடவை கார்டு மேல ஸ்விட்ச் ஆகி வெளிய வர்றார்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டுட்டே பாருங்க, எத்தனை தடவை அந்த கார்டு ஷாட் போடாம பந்தைத் திருப்பிக் கொடுக்கிறான்னு பக்கத்துல இன்னொரு கோடு. என் பசங்ககிட்ட நான் கொடுக்கிற ஹோம்வொர்க்கும் இது தான்.